சான்றிதழ்ப்படி ஜூன் ஒன்று

சொல்லிவிடுவேன். இன்றைக்குச் சொல்லாமல் இந்த அறையை விட்டுப் போவதில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்தாயிற்று, இனி யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன மனசு யோசித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஞானதிரவியம் சார் பேச ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகிறது. கணினி அறிவியல் துறைத் தலைவர். எழுந்து நின்று பேசவேண்டிய அவசியமில்லை, இது பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கமிட்டிதான், ஆனால் அவருக்கு உட்கார்ந்து பேசினால் லினக்ஸுக்கு மரியாதைக் குறைவு என்று தோன்றுகிறது போலிருக்கிறது. நாற்பத்திரண்டாயிரம் மாணவர்களின் பெயர், மார்க், போன் நம்பர், சாதிச் சான்றிதழ் எல்லாம் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போய்ப் பதினாறு நாள் ஆகிறது, போனதற்குக் காரணம் நம் கம்ப்யூட்டர்களில் இருக்கும் இயங்குதளம், காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவனுக்கே தெரியாது, லினக்ஸ் என்றால் திறந்து பார்க்கலாம், உலகமே பார்க்கிறது, அதனால் பத்திரம் என்கிறார். எதிர் நாற்காலியில் கணினி மைய இயக்குநர் வரதராஜன் சார் சிரிக்கிறார். உலகமே பார்க்கிறது என்றால் திருடனும் பார்ப்பான்தானே என்று கேட்கிறார். துணைவேந்தர் இரண்டு பேருக்கும் சமமாகத் தலையாட்டுகிறார். அவர் தாவரவியல்காரர், பாவம், செடியைப் பற்றி என்றால் ஒரு கை பார்த்திருப்பார். நான் மேஜையின் கடைசியில், ஏசி சொட்டும் மூலையில், முந்திரி பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். செண்பகவல்லி, சிஸ்டம் மேனேஜர். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். இரண்டு பேர் சொல்வதும் தப்பு என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தப்பு என்றுகூடச் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், அவரவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வேறு நாளாக இருந்தால் நானும் ஞானதிரவியம் சார் பக்கம் பேசியிருப்பேன், எனக்கும் லினக்ஸ் பிடிக்கும். ஆனால் வீட்டுக் கதவு மரமா இரும்பா என்று இவர்கள் சண்டை போடுகிறார்கள், வந்தவன் சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்திருக்கிறான். சாவியைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுத்தவள் நான். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லை, இப்படி ஆரம்பித்தால் கதை சொல்வதுபோல இருக்கும், பதிவாளர் மேடம் கடிகாரத்தைப் பார்ப்பார். நேராகச் சொல்ல வேண்டும். சார், பதினாலு வருஷத்துக்கு முன்னால், நம் அலுவலர் எல்லோருக்கும் கணினியில் நுழையப் பிறந்த தேதியே பாஸ்வேர்டு என்று ஒரு விதி போட்டோம். போட்டோம் என்று ஏன் வருகிறது? நான்தான் போட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவே ஆரம்பிக்கவில்லை, மனசுக்குள் பேசும்போதே கூட்டாளி சேர்த்துக்கொள்கிறேன். அப்போது அது பெரிய சாதனையாக இருந்தது. அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, பல்கலைக்கழகத்தின் பெயர்தான், அதையும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். அதை ஒழிக்க நான் ஒற்றை ஆளாக மூன்று மாதம் சண்டை போட்டேன். சுற்றறிக்கை எழுதினேன். ஒவ்வொருவரும் தன் பிறந்த தேதியைப் போட்டு உள்ளே வரவேண்டும், விருப்பப்பட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 'உங்களுக்கு மட்டுமே தெரிந்த, நீங்கள் ஒருபோதும் மறக்க முடியாத எண்.' இந்த வரியை எழுதிவிட்டு என்னையே நான் மெச்சிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது அந்த வரியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. மறக்க முடியாத எண். ஞாபகமே இல்லாத எண் என்று எழுதியிருக்க வேண்டும்.

எனக்குப் பிறந்த நாள் தெரியாது. சான்றிதழ்ப்படி ஜூன் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. அம்மா சொன்னபடி ஐப்பசி மாதம், அடைமழை, மருத்துவச்சி வருவதற்குள் நானே வந்துவிட்டேன். எந்த வருஷத்து ஐப்பசி என்று கேட்டால் கண்மாய் உடைந்த வருஷம் என்பாள், எந்தக் கண்மாய் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர், எனக்கு விரல் நுனி பட்டும் படாமலும் இருந்தது, பட்டுவிட்டது என்று அப்பா சொன்னார், சரி என்று அவர் எழுதிக்கொண்டார். பள்ளி திறக்கும் அன்று ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு. ஐந்தைக் கழித்தார், ஜூன் ஒன்று என்று போட்டார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஜூன் ஒன்றுதான். எங்கள் ஊரில் மட்டுமா, ஜில்லா முழுக்க, மாநிலம் முழுக்க அப்படித்தான். இதில் ரகசியம் என்ன இருக்கிறது, என் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், சொல்லிச் சிரிப்போம். தெரிந்துதான் இருந்தது. அங்கேதான் என் தப்பு. ஒவ்வொரு வருஷமும் மே முப்பத்தொன்றாம் தேதி இதே கட்டிடத்துக் கீழ்மாடியில் பிரிவு உபசார விழா நடக்கும். மற்ற மாதங்களில் ஒருவர் ஓய்வு பெறுவார், இருவர் பெறுவார், மே மாதம் மட்டும் ஒன்பது பேர், ஒரு தடவை பதினொன்று. ஒரே மேடையில் கல்யாண மாப்பிள்ளைகள்போல மாலையும் சால்வையுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், எல்லோரும் ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள். பதினாலு வருஷமாக நான் முன்வரிசையில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். கண் எதிரில் ஒன்பது மாலை. ஒரு தடவையாவது, ஐயோ, இந்த ஒன்பது பேருக்கும் நாம் கொடுத்தது ஒரே சாவி ஆயிற்றே என்று தோன்றவில்லை. பெரிய சிஸ்டம் மேனேஜர்.

இப்போது வரதராஜன் சார் திரையில் ஒரு படம் காட்டுகிறார், சிவப்பும் பச்சையுமாக அம்புகள். தாக்குதல் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார். வெளிநாடாவது மண்ணாங்கட்டியாவது. வந்தவன் நம் ஊர்க்காரன். எங்கே உட்கார்ந்து செய்தானோ தெரியாது, ஆனால் நம்மைத் தெரிந்தவன், அவன் வீட்டிலும் ஒரு ஜூன் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கணினியின் பழைய நுழைவுப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது பிடிபட்டது. நம்மிடம் உள்ளே நுழையும் பெயர் என்பது அலுவலர் எண், ஒன்றிலிருந்து வரிசையாகப் போகும், அதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டாம். அவன் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை தட்டியிருக்கிறான். ஒரே ஒரு தடவை தப்பாகப் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, நம் ஆட்களே தினம் நாலு தடவை தப்பாகப் போடுகிறார்கள். பத்து நாள் தட்டியிருக்கிறான். முதல் நாள் இரண்டு கணக்குகள் திறந்தன, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் எதுவுமில்லை, இப்படிப் பத்து நாளில் பதினொன்று. ஏன் இந்தப் பதினொன்று என்று எனக்குப் புரியவில்லை. வேறு வேறு பிரிவு, வேறு வேறு மாடி. கடைசியில், ஏதோ தோன்றி, பணியாளர் பிரிவுக்குப் போய் அந்தப் பதினொரு பேரின் பணிப் பதிவேடுகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். நின்றுகொண்டே புரட்டினேன். முதல் ஏடு, ஜூன் ஒன்று. இரண்டாவது, ஜூன் ஒன்று. நாலாவதற்குப் பிறகு புரட்ட வேண்டியதே இல்லை, ஆனாலும் பதினொன்றையும் புரட்டினேன். முதல் நாள் திறந்தவை அறுபத்தாறாம் வருஷத்துக்காரர்கள். இரண்டாம் நாள் அறுபத்தேழு. நாளுக்கு ஒரு வருஷமாக நடந்து வந்திருக்கிறான், விதிப்படி போட்டதை மாற்றாமல் விட்டவர்கள் மட்டும் மாட்டினார்கள். நாலாம் நாள் அறுபத்தொன்பது, அன்றைக்கு ஒரே ஒரு கணக்கு, தேர்வுப் பிரிவு இசக்கியப்பன். மற்றப் பத்துப் பேரின் கணக்கில் லீவு விண்ணப்பமும் சம்பளச் சீட்டும்தான் இருக்கும். இசக்கியின் கணக்கில் எல்லா மாணவர்களின் விவரமும் இருந்தது. அவன் வேலைக்கு அது வேண்டும், கொடுத்திருந்தோம். அறுபத்தேழில் என் எண்ணையும் அந்தத் திருடன் தட்டியிருக்கிறான், திறக்கவில்லை. நான் என் பாஸ்வேர்டை முதல் வாரமே மாற்றிவிட்டேன். இதுதான் நாலு நாளாக முள்ளாகக் குத்துகிறது. ஏன் மாற்றினேன்? பாதுகாப்பு என்று நினைத்தா? இல்லை. தினமும் காலையில் அந்தத் தேதியைத் தட்டும்போது எரிச்சலாக இருந்தது, அது என் பிறந்த நாளே இல்லை என்று. மனசுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பொய் என்று தெரிந்த ஒன்றை முந்நூறு பேருக்குப் பூட்டாகக் கொடுத்துவிட்டு, என்னுடையதை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு இரு என்றார் அவர். என் வீட்டுக்காரர். நேற்று இட்லி சாப்பிடும்போது. இன்னும் ஒரு வருஷம் சொச்சம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு, இந்த நேரத்தில் பதினேழு பி ஒழுங்கு நடவடிக்கை மெமோ வாங்கினால் விசாரணை முடியாமல் பென்ஷனை நிறுத்தி வைப்பார்கள், உனக்கென்ன பைத்தியமா. கெட்டவர் இல்லை. பயந்தவர். எனக்கும் பயம்தான். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை, நான் சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இவர்கள் இயங்குதளத்தை மாற்றுவார்கள், எந்த இயங்குதளமாக இருந்தால் என்ன, மாற்றிவிட்டு ஒரு பத்திரிகைச் செய்தி கொடுப்பார்கள், இசக்கியப்பனை வேலையை விட்டு அனுப்புவார்கள், எல்லாம் சுபம். என் முன்னால் இருக்கும் இயங்குதள மாற்றத் திட்ட வரைவில் பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, இப்போதுள்ள நுழைவு முறை புதிய அமைப்பிலும் அப்படியே தொடரும் என்று. நேற்றிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியே தொடரும். லினக்ஸிலும் ஜூன் ஒன்று. போன வாரம் முதல் வருஷப் பெண் ஒருத்தி போனைக் கொண்டுவந்து காட்டினாள், முன்பின் தெரியாதவர்கள் இரண்டு நாளில் நாற்பத்தேழு தடவை கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார், நீங்களே ஏதாவது செய்யுங்கள் மேடம் என்றாள். நம்பரை மாற்றிவிடு என்று சொல்லி அனுப்பினேன். வேறென்ன சொல்ல.

இசக்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றான், மடியிலிருந்த பிளாஸ்டிக் கவர் கீழே விழுந்தது. பன்னிரண்டு நாளாக சஸ்பென்ஷன். தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து பதிவாளர் அறை வாசலில் உட்கார்கிறானாம், கூப்பிட்டால் போக வேண்டும் என்று. முதல் நாள் என்னிடம் வந்து, என் பாஸ்வேர்டு என் பொண்டாட்டிக்கே தெரியாது மேடம், யாரிடமும் சொல்லவில்லை என்றான். நான் அவனைத் திட்டினேன். ஆமாம், திட்டினேன். எங்கேயாவது எழுதி வைத்திருப்பாய், நன்றாக யோசித்துப் பார் என்று சொன்னேன். நானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே நாள் இன்டர்வியூ, ரொம்ப நாள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான், நான் சிஸ்டம் மேனேஜர் ஆனபிறகு ஆபீசுக்குள் மட்டும் மேடம் ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமை பதிவேடுகளைப் பார்த்ததும் ஓடிப்போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். கமிட்டியில் முறையாகச் சொல்லலாம், அப்போதுதான் எடுபடும் என்று இருந்துவிட்டேன். அது சரியான யோசனைதான். சரியான யோசனை என்று சனிக்கிழமை முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமையும், நேற்று, திங்கட்கிழமையும்.

நாற்காலிகள் நகர்கின்றன. எப்போது முடிந்தது? துணைவேந்தர் ஏதோ சமரசம் சொல்லியிருக்கிறார், மாணவர் விவரம் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ், மற்றதெல்லாம் இப்போதிருப்பதே, இரண்டு பேராசிரியர்களும் தான்தான் ஜெயித்ததாக முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிஸ்டம் மேனேஜர் ஏதாவது சொல்கிறாரா என்று பதிவாளர் மேடம் கேட்கிறார், கேட்டுக்கொண்டே பேனாவை மூடுகிறார். இல்லை மேடம் என்று சொல்லிப் பழகிய வாய். முப்பத்து நாலு வருஷமாக இந்த இடத்தில் இல்லை மேடம், இல்லை சார். எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார், ஒரு நிமிஷம் உட்காருங்க, சர்டிபிகேட்படி ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தவங்க இந்த ரூம்ல எத்தனை பேர், கையைத் தூக்குங்க என்றேன். நான் தயாரித்து வைத்திருந்த எந்த வாக்கியமும் இல்லை அது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். ஞானதிரவியம் சார் முதலில் தூக்கினார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தூக்கினார். வரதராஜன் சார் தயங்கி, நானும்தான் என்றார். நான் தூக்கினேன். துணைவேந்தர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, மெதுவாகத் தன் கையையும் தூக்கினார். பத்தில் ஐந்து. பிறகு சொன்னேன். பதினொரு பதிவேடுகள், பத்து நாள், நாளுக்கு ஒரு வருஷம், என் சுற்றறிக்கை, பதினாலாம் பக்கம். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ஏற்கெனவே இருந்த நடைமுறையின் குறை என்று பொதுவாகக் குறித்துக்கொள்ளலாமே என்று பதிவாளர் மேடம் கனிவாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு கணம் அந்தக் கனிவில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"வேண்டாம் மேடம். செண்பகவல்லி போட்ட விதின்னு எழுதுங்க. இசக்கியப்பன் மேல தப்பு இல்லன்னு அதுக்கு அடுத்த வரியிலயே எழுதுங்க."

எழுதினார்கள். எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். உடம்பு லேசாக இருந்தது, பசித்தது, மெமோ வரட்டும், விசாரணை வரட்டும், வீட்டில் அவர் ஒரு வாரம் பேசமாட்டார், அதுவும் வரட்டும். இசக்கி எழுந்து நின்றான். சுருக்கமாகச் சொன்னேன், உன் மேல் தப்பு இல்லை, தப்பு என்னுடையது, உள்ளே எழுதிவிட்டார்கள் என்று. அழுவான் என்று நினைத்தேனோ என்னவோ, கும்பிடுவான் என்றுகூட நினைத்திருப்பேன், வெட்கக்கேடு. அவன் கவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"எப்பக்கா தெரியும் ஒங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"நேத்து எழுதிக் குடுத்துட்டேனே அக்கா," என்றான். "நாந்தான் யார்கிட்டயோ சொல்லிட்டேன், மன்னிக்கணும்னு. எழுதிக் குடுத்தா தண்டனை கொறையும்னாவ. நானும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன்க்கா, ஒருவேள சொல்லித்தான் இருப்பேனோன்னு ஆயிட்டு. இப்பவும் யார்கிட்டயோ சொன்ன மாரியேதான் இருக்கு."

நான் சனிக்கிழமை முறுக்குச் சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சரியான யோசனை, சரியான யோசனை என்று சொல்லிக்கொண்டே குளித்தேன், அந்த நேரத்தில் இவன் தான் செய்யாத ஒன்றை எப்போது செய்தோம் என்று வீட்டில் உட்கார்ந்து தேடியிருக்கிறான், தேடித் தேடிக் கண்டுபிடித்தும் விட்டான். என்ன சொல்வது இவனிடம்? மன்னித்துவிடு என்பதா, அதை இவனே நேற்று எழுதிக் கொடுத்துவிட்டானே, என் மன்னிப்பையும் சேர்த்து. "நீ யார்கிட்டயும் சொல்லல இசக்கி" என்றேன். அவன் தலையாட்டினான், நம்பியதுபோலத் தெரியவில்லை. கடிதத்தை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். பதிவாளர் மேடத்தின் கையிலேயே கொடுத்ததாகச் சொன்னான். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது, கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், மேடம் பின்வாசல் வழியாகக் காருக்குப் போய்விடுவார். அவன் கையைப் பிடித்தேன், முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்ளப் பார்த்தான், விடவில்லை. வா, அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்காமல் நாம் இரண்டு பேரும் இங்கிருந்து போகப்போவதில்லை என்று சொல்லி, கதவைத் தட்டாமல் தள்ளினேன்.